டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரை முதல் தடவையிலேயே முடிப்பது எப்படி? காரைக்குடிப் பக்கம் படிக்கும் பிள்ளைகளுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பள்ளத்தூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணினி அறிவியலோ பி.சி.ஏ.வோ சேர்ந்திருக்கிறீர்களா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். பொறியியல் படிப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். ‘டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் அண்ட் அல்காரிதம்ஸ்’ (தகவலைக் கணினியில் அடுக்கி வைக்கும் முறைகளும் அதை வைத்து வேலை செய்யும் படிமுறைகளும்) என்ற பேப்பர் வந்ததும் சீனியர்கள் பயமுறுத்த ஆரம்பித்துவிடுவார்கள். நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, பஸ் பிடித்துக் காரைக்குடிக்கு வந்து போய்க்கொண்டு இந்தப் பேப்பரைப் படித்தவன். எதை முதலில் படிக்க வேண்டும், எதற்கு எத்தனை நாள் ஒதுக்க வேண்டும், எந்தத் தாளை எப்போது வாங்கி வைக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல அப்போது ஆள் இல்லை. உங்களுக்கு அந்தத் திண்டாட்டம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரோகிராமை மனப்பாடம் செய்து இந்தப் பேப்பரை முடிக்க முடியாது. தாளில் படம் போட்டு, புரோகிராமை வரி வரியாகக் கையால் ஓட்டிப் பார்த்து (இதைத்தான் ‘டிரேஸ்’ என்பார்கள்), எத்தனை படி நடந்தது என்று எண்ண வேண்டும். மொத்தப் படிப்பும் இந்த மூன்று வேலைதான். கீழே உள்ள எல்லாப் படியும் இதைச் சுற்றியே வரும்.

உள்ளீட்டில் எத்தனை உறுப்பு இருக்கிறது என்ற எண்ணிக்கையை இங்கே ‘ந’ என்று எழுதுகிறேன். உங்கள் புத்தகத்தில் அது ஆங்கில எழுத்தில் இருக்கும்.

1. முதல் வாரம்: சிலபஸ், பழைய வினாத்தாள், கோடு போடாத நோட்டு

சிலபஸ் நகலைக் கையில் வாங்குங்கள். சீனியரின் நோட்டை வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை பாடத்திட்டம் மாறும்; பெயர் அதேதான் இருக்கும், உள்ளே யூனிட்டுகள் இடம் மாறியிருக்கும், ஒன்றிரண்டு புதிதாக வந்திருக்கும். அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் பல்கலைக்கழகப் பாடத்திட்டம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்களே வகுத்த பாடத்திட்டம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் சித்தப்பா மகளின் நோட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், சிலபஸோடு ஒத்துப் பார்த்த பிறகே ஜெராக்ஸ் எடுங்கள்.

பழைய வினாத்தாள்கள் கல்லூரி நூலகத்தில் கட்டுக்கட்டாக இருக்கும். கேட்டால் எடுத்துத் தருவார்கள். கடைசி நான்கைந்து வருடத்துத் தாள்கள் போதும். வினாத்தாளின் தலையில் இருக்கும் பாடக் குறியீட்டை உங்கள் சிலபஸில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். குறியீடு வேறென்றால் அந்தத் தாளைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். அதை வைத்து ‘முக்கியக் கேள்வி’ கணிக்காதீர்கள்.

சிலபஸின் கடைசியில் டெக்ஸ்ட் புக், ரெஃபரன்ஸ் என்று இரண்டு பட்டியல் இருக்கும். டெக்ஸ்ட் புக் பட்டியலில் ஒன்றே ஒன்றை நூலகத்தில் எடுத்து, செமஸ்டர் முழுக்கப் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஆளுக்கொரு புத்தகத்தில் குறிகளும் அரே (வரிசையாக எண்ணிட்ட இடங்கள்) எண்ணும் வேறு மாதிரி இருக்கும், மூன்று புத்தகத்தைத் திறந்து வைத்தால் மூன்றும் சேர்ந்து குழப்பும்.

நோட்டு: அப்சர்வேஷனும் ரெக்கார்டும் கல்லூரி சொல்லும் அளவில் வாங்கிவிடுவீர்கள். அதோடு கோடு போடாத லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்குங்கள். படம் போட, டிரேஸ் செய்ய அதுதான். யாரும் இதை வாங்கச் சொல்ல மாட்டார்கள், ஆனால் மார்க் வாங்கித் தரப்போவது இந்த நோட்டுதான்.

2. முதல் மூன்று வாரம்: சி மொழியில் நான்கு விஷயம்

இந்தப் பேப்பரில் தடுக்கி விழுகிறவர்களில் பலருக்கு ஸ்டாக்கோ ட்ரீயோ காரணம் இல்லை. மெமரியில் ஒன்று இருக்கும் இடத்தைக் காட்டும் பாயிண்டர் புரியாமல்தான் விழுகிறார்கள். அதனால் முதல் செமஸ்டரில் படித்த சி மொழியில் நான்கை மட்டும் திரும்பப் பாருங்கள்: பாயிண்டர், பல தகவலை ஒன்றாகக் கட்டும் ஸ்ட்ரக்சர், மெமரி கேட்டு வாங்கும் ‘மாலக்’, ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுவது). மற்றதெல்லாம் போகப் போக வந்துவிடும்.

ரிகர்ஷனுக்கு ஒரு பயிற்சி. ஃபிபொனாச்சி எண்ணை (முந்தைய இரண்டு எண்ணின் கூட்டல்) ரிகர்ஷனில் எழுதி, ஃபங்ஷன் எத்தனை முறை கூப்பிடப்படுகிறது என்று எண்ண ஒரு மாறி வையுங்கள். 5 கொடுத்தால் 15 முறை. அதைத் தாளில் மரமாக வரைந்தே காட்டலாம், வரையுங்கள். 40 கொடுத்தால் 33,11,60,281 முறை. அதே விடையை அரேயில் சேர்த்து வைத்துக்கொண்டே போனால் நாற்பது கூட்டலுக்குள் முடிந்துவிடும். ‘அனாலிசிஸ்’ என்ற பாடம் எதற்கு என்று யாரும் உங்களுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் கம்பைலர், அதாவது நாம் எழுதும் புரோகிராமைக் கணினிக்குப் புரியும்படி மாற்றுவது. சில கல்லூரி லேபில் இன்னும் அந்த நீலத் திரை டர்போ சி இருக்கிறது. அதில் ‘இன்ட்’ 16 பிட். 32,767க்கு மேல் தாங்காது. வீட்டிலோ செல்போனிலோ ஓட்டும் ஜி.சி.சி. போன்ற கம்பைலர்களில் 32 பிட், இருநூறு கோடிக்கு மேல் தாங்கும். இதனால் என்ன ஆகும்? 300 எண்களைப் பபிள் சார்ட் (பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் முறை) செய்து ஒப்பீடுகளை எண்ணினால் 44,850 வர வேண்டும். வீட்டில் சரியாக வரும். லேபில் அதே புரோகிராம் −20,686 என்று காட்டும். உங்கள் லாஜிக்கில் தப்பில்லை, எண் நிரம்பி வழிந்துவிட்டது. எண்ணும் மாறியை ‘லாங்’ என்று அறிவித்து, அச்சிடும் வரியில் %d-க்குப் பதிலாக %ld போட்டால் சரியாகிவிடும். லேப் தேர்வில் இது நடந்தால் பதற்றத்தில் நல்ல புரோகிராமைக் கலைத்துவிடுவோம், அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அதே போல டர்போ சியில் 40,000 ‘இன்ட்’ கொண்ட அரேயை அறிவிக்க முடியாது. 64 கிலோபைட் எல்லையைத் தாண்டிவிடும். இன்னொன்று, திரையைத் துடைக்கும் ‘கிளியர் ஸ்க்ரீன்’ வரியும் அதற்கான கோனியோ ஹெடரும் ஜி.சி.சி.யில் ஓடாது. வீட்டில் எழுதும்போது அவை இல்லாமல் எழுதுங்கள், லேபில் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

லேப்டாப் இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் போட்டு அதில் சி கம்பைலரை நிறுவிக்கொள்ளலாம். செலவில்லை. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமும் வேண்டாம். சின்னத் திரையில் எழுதுவது கஷ்டம்தான். முதலில் தாளில் முழுதாக எழுதிவிட்டு, சரிபார்க்க மட்டும் போனில் ஏற்றுங்கள். எப்படியும் தேர்வில் தாளில்தானே எழுதப்போகிறீர்கள்!

3. நான்காம் வாரம்: எண்ணப் பழகுங்கள்

டைம் காம்ப்ளெக்ஸிட்டி (உள்ளீடு பெரிதானால் வேலை எவ்வளவு கூடும் என்ற கணக்கு) சில சிலபஸில் முதல் யூனிட்டில் இருக்கும், சிலவற்றில் கடைசி யூனிட்டில். எங்கே இருந்தாலும் நீங்கள் இதை இப்போதே படியுங்கள். கடைசிக்கு விட்டால் சார்ட்டிங், ட்ரீ, ஹாஷிங் எல்லாவற்றையும் இதற்காக மறுபடி புரட்ட வேண்டி வரும்.

பபிள் சார்ட்டில் 10 எண் இருந்தால் முதல் சுற்றில் 9 ஒப்பீடு, அடுத்ததில் 8, கடைசியில் 1. கூட்டினால் 45. 100 எண் என்றால் 4,950. 1,000 என்றால் 4,99,500. உள்ளீடு பத்து மடங்கானால் வேலை ஏறத்தாழ நூறு மடங்கு. சூத்திரம் ந(ந−1)/2. இதில் பெரிதாக வளரும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு ஓ(ந²) என்று எழுதுகிறோம். அதே 1,000 எண்ணை மெர்ஜ் சார்ட் (பாதி பாதியாகப் பிரித்து வரிசைப்படுத்தி இணைக்கும் முறை) செய்தால் மிக மோசமான நிலையிலும் 8,977 ஒப்பீட்டில் முடியும். ஒவ்வொரு முறையும் பாதியைக் கழித்துத் தேடும் பைனரி சர்ச் இன்னும் ஆச்சரியம்: வரிசைப்படுத்திய 10 லட்சம் உறுப்பில் ஒன்றைத் தேட அதிகபட்சம் 20 முறை பார்த்தால் போதும். இந்த எண்களை நீங்களே புரோகிராம் எழுதிச் சரிபாருங்கள். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் ஓ(லாக் ந) மறக்காது (லாக் ந என்பது ந-ஐ எத்தனை முறை பாதியாக்கினால் 1 வரும் என்ற எண்).

இனி பொறி எங்கே என்று பார்ப்போம். ‘லூப்புக்குள் லூப் இருந்தால் ஓ(ந²)’ என்று ஒரு குறுக்குவழி வகுப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். நம்பாதீர்கள். மூன்று உதாரணம்.

உள் லூப் 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் போனால் அது லாக் ந முறைதான் ஓடும். வெளி லூப் ந முறை என்றால் மொத்தம் ஓ(ந லாக் ந).

வெளி லூப் இரட்டித்துப் போகிறது, உள் லூப் வெளி மாறியின் அளவுக்கு ஓடுகிறது. இதற்கும் பலர் ஓ(ந லாக் ந) என்று எழுதிவிடுவார்கள். கூட்டிப் பாருங்கள்: ந 1,024 என்றால் 1+2+4+…+1,024 = 2,047. எப்போதும் 2ந-ஐத் தாண்டாது. விடை ஓ(ந).

உள் லூப் எப்போதும் 100 முறை ஓடுகிறது என்றால் அது நிலையான எண். விடை ஓ(ந) மட்டுமே.

ரிகர்ஷனுக்கான சமன்பாட்டில், மெர்ஜ் சார்ட்டுக்கு வரும் ‘இரண்டு பாதி, அதோடு ந’ என்பதை 8 உறுப்புக்கு மரமாக வரையுங்கள். இணைக்கும் வேலை ஒவ்வொரு மட்டத்திலும் 8, மட்டங்கள் 3, மொத்தம் 24. இதுதான் ந லாக் ந. மாஸ்டர் தியரம் உங்கள் சிலபஸில் இருந்தால் இந்த மரத்துக்குப் பிறகு படியுங்கள். மரம் இல்லாமல் அதைப் படித்தால் மூன்று விதியில் எது எதற்கு என்று தேர்வறையில் திணறுவீர்கள்.

இன்னொன்று: ‘பிக் ஓ என்றால் மோசமான நிலை, ஒமேகா என்றால் நல்ல நிலை’ என்று எழுதாதீர்கள். பிக் ஓ மேல் எல்லையைச் சொல்வது, ஒமேகா கீழ் எல்லையைச் சொல்வது. மோசமான நிலை, சராசரி நிலை, நல்ல நிலை மூன்றுக்குமே மேல் எல்லையும் உண்டு, கீழ் எல்லையும் உண்டு. இரண்டு மார்க் கேள்வியில் இந்த ஒரு குழப்பம் அடிக்கடி மார்க்கைத் தின்கிறது.

4. ஐந்து, ஆறாம் வாரம்: லிங்க்டு லிஸ்ட்

நம் ஊர்ப் பெரிய வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். மூன்றாம் கட்டுக்குப் போக முன்னால் உள்ளவற்றைத் தாண்டித்தான் ஆக வேண்டும். லிங்க்டு லிஸ்ட்டும் அப்படித்தான்: ஒவ்வொரு பெட்டியும் (நோடு) அடுத்த பெட்டியைப் பாயிண்டரால் காட்டும். அரேயில் ஐந்நூறாவது உறுப்பை ஒரே படியில் தொடலாம். இங்கே 499 நோடு தாண்ட வேண்டும். அதற்குப் பதிலாக, இடம் தெரிந்துவிட்டால் நடுவில் புதிதாக ஒன்றைச் செருக இரண்டு பாயிண்டரை மாற்றினால் போதும். அரேயில் பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும்.

அந்த இரண்டு பாயிண்டரை மாற்றும் வரிசைதான் உயிர். முதலில் புது நோடின் ‘நெக்ஸ்ட்’டை அடுத்த நோடுக்குக் காட்டுங்கள். பிறகு முந்தைய நோடின் ‘நெக்ஸ்ட்’டைப் புது நோடுக்குக் காட்டுங்கள். மாற்றிச் செய்தால் பின்னால் உள்ள லிஸ்ட் முழுவதற்கும் வழி தொலைந்துவிடும், புது நோடு தன்னையே காட்டிக்கொண்டு நிற்கும், பிரிண்ட் செய்யப் போனால் புரோகிராம் முடிவில்லாமல் ஓடும். கோடு போடாத நோட்டில் நான்கு பெட்டி வரைந்து இரண்டு வரிசையையும் செய்து பாருங்கள். பழைய அம்புக்குறியைப் பென்சிலில் போடுங்கள், அழிக்க வசதி.

எந்த லிங்க்டு லிஸ்ட் புரோகிராம் எழுதினாலும் நான்கு நிலையில் ஓட்டிப் பாருங்கள்: லிஸ்ட் காலியாக இருக்கும்போது, ஒரே நோடு இருக்கும்போது, முதல் நோடில், கடைசி நோடில். லேப் தேர்வில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) கேட்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான். “காலியா இருக்கும்போது டெலிட் பண்ணினா என்ன ஆகும்?” என்று கேட்பார்.

5. ஏழாம் வாரம்: ஸ்டாக், க்யூ

இது எளிது, மார்க்கும் நிச்சயம். ஸ்டாக்கில் கடைசியாக வைத்தது முதலில் வெளியே வரும், க்யூவில் முதலில் வைத்தது முதலில் வரும். இன்ஃபிக்ஸிலிருந்து (கணக்குக் குறி எண்களுக்கு நடுவில்) போஸ்ட்ஃபிக்ஸ் (குறி எண்களுக்குப் பின்னால்) மாற்றுவதை மூன்று பத்தி போட்டு (படித்த குறி, ஸ்டாக், வெளியீடு) எழுதிப் பழகுங்கள். விடை மட்டும் எழுதினால் பாதி மார்க்தான் வரும்.

போஸ்ட்ஃபிக்ஸ் கணக்கிடும்போது 5 3 2 * + 4 − என்று இருந்தால் விடை 7. கழித்தல், வகுத்தலில் கவனம்: ஸ்டாக்கிலிருந்து முதலில் வெளியே வருவது வலப்பக்க எண். 8 3 − என்றால் 5. மாற்றிப் போட்டால் −5 வந்துவிடும்.

வட்ட க்யூவில் முன் குறியும் பின் குறியும் ஒரே இடத்தில் இருந்தால் அது காலியா, நிறைந்ததா? இரண்டுமாக இருக்கலாம். அதனால் ஒரு இடத்தைக் காலியாகவே விடுவது ஒரு முறை. அளவு 5 என்றால் 4தான் வைக்கலாம். எண்ணிக்கைக்குத் தனி மாறி வைப்பது இன்னொரு முறை. உங்கள் புத்தகம் எதைச் செய்கிறது என்று பார்த்து அதையே எழுதுங்கள்.

6. எட்டாம் வாரம் முதல் பத்தாம் வாரம் வரை: ட்ரீ, ஹீப், ஹாஷிங்

செமஸ்டரில் அதிக நாள் இங்கே போக வேண்டும். முதல் இன்டர்னல் முடிந்து, கல்லூரி விழா, விளையாட்டு என்று வகுப்பு குறையும் சமயமும் பெரும்பாலும் இதுதான். வகுப்பு நடக்காவிட்டாலும் நோட்டு நிற்கக் கூடாது.

பைனரி சர்ச் ட்ரீயில் (சிறியது இடப்பக்கம், பெரியது வலப்பக்கம்) 50, 30, 70, 20, 40, 60, 80 போடுங்கள், அழகான மரம் வரும். இப்போது அதே எண்களை 20, 30, 40 என்று வரிசையாகப் போடுங்கள். ஒரே நீளக் கோடாக வலது பக்கம் இறங்கும். தேடும் வேலை ஓ(லாக் ந)விலிருந்து ஓ(ந)வுக்குப் போய்விடும். தானே சமன் செய்துகொள்ளும் ஏ.வி.எல். ட்ரீ எதற்கு வந்தது என்பது இந்த இரண்டு படத்திலேயே இருக்கிறது. அதில் 30, 10, 20 என்று போட்டுச் சுழற்றிப் பாருங்கள். 20 மேலே வர வேண்டும். ஒரே சுழற்சியில் வராது, இடம் ஒன்று, வலம் ஒன்று என இரண்டு வேண்டும்.

முதல் மரத்தில் 50-ஐ நீக்கச் சொன்னால் வலது கிளையின் மிகச் சிறிய எண்ணான 60-ஐ அங்கே கொண்டுவரலாம். இடது கிளையின் மிகப் பெரிய எண்ணான 40-ஐயும் கொண்டுவரலாம். இரண்டும் சரி. எதை எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், திருத்துபவருக்கு ஐயம் வராது.

ஹீப்பும் சர்ச் ட்ரீயும் ஒன்றல்ல. ஹீப்பில் இடம், வலம் என்று ஒழுங்கு கிடையாது. மேலே இருப்பது கீழே இருப்பதைவிடப் பெரியதா சிறியதா என்பது மட்டுமே. அரேயில் வைக்கும்போது எண் 1-இல் தொடங்கினால் குழந்தைகள் 2இ, 2இ+1 இடங்களில். 0-இல் தொடங்கினால் 2இ+1, 2இ+2 இடங்களில் (‘இ’ என்பது தாயின் இடம்). வகுப்பில் ஒன்றும் வீடியோவில் இன்னொன்றும் சொல்வார்கள். தாளின் மேலே எது என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

எண்ணை வைத்தே அது உட்காரும் இடத்தைக் கண்டுபிடிக்கும் ஹாஷிங்குக்கு இந்தக் கணக்கைப் போடுங்கள். அளவு 11. எண்கள் 23, 45, 12, 34, 78. ஒவ்வொன்றையும் 11-ஆல் வகுத்து மீதி பாருங்கள்: ஐந்துக்கும் 1தான். லீனியர் புரோபிங்கில் (இடம் நிரம்பியிருந்தால் அடுத்த இடம்) அவை 1, 2, 3, 4, 5 இடங்களில் உட்காரும். 78-ஐத் தேட ஐந்து இடம் பார்க்க வேண்டும். இப்போது 12-ஐ நீக்கி அந்த இடத்தை வெறுமனே காலி என்று விட்டால் என்ன ஆகும்? 78-ஐத் தேடிப் போகிறவர் மூன்றாம் இடத்தில் காலியைப் பார்த்து ‘இல்லை’ என்று திரும்பிவிடுவார். அதனால்தான் ‘நீக்கப்பட்டது’ என்று ஒரு குறி வைக்கிறோம். ஹாஷிங் எப்போதும் ஓ(1) என்று கண்ணை மூடி எழுதக் கூடாது; சராசரியில் ஓ(1), மோசமான நிலையில் ஓ(ந).

7. பதினொன்று, பன்னிரண்டாம் வாரம்: கிராஃப், சார்ட்டிங்

புத்தகத்தில் இருக்கும் கிராஃபை விடுங்கள். காரைக்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், தேவகோட்டை, கானாடுகாத்தான் ஆறையும் நோடாக வையுங்கள். மேப்பைத் திறந்து, சாலைத் தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதுங்கள். காரைக்குடியில் தொடங்கி டைக்ஸ்ட்ரா முறையில் எல்லா ஊருக்கும் குறைந்த தூரம் காணுங்கள். சின்ன வயதிலிருந்து போய் வந்த வழி என்பதால் விடை தப்பாக வந்தால் உடனே கண்ணில் படும். அதே படத்தில் பி.எஃப்.எஸ்., டி.எஃப்.எஸ். (அகலவாக்கிலும் ஆழவாக்கிலும் தேடுவது), பிரிம், க்ரஸ்கல் (மினிமம் ஸ்பானிங் ட்ரீ காணும் முறைகள்) எல்லாம் செய்துவிடலாம். குறைந்த தூரப் பாதையும் மினிமம் ஸ்பானிங் ட்ரீயும் (எல்லா ஊரையும் மிகக் குறைந்த மொத்தத் தூரத்தில் இணைப்பது) ஒன்று என்று நினைப்பது பொதுவான தவறு. ஒரே படத்தில் இரண்டையும் போட்டால் எங்கே பிரிகின்றன என்று தெரியும். எடை மைனஸில் இருந்தால் டைக்ஸ்ட்ராவை நம்ப முடியாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சார்ட்டிங்கில் க்விக் சார்ட்டுக்கு ஒரு எச்சரிக்கை: முதல் உறுப்பை பிவட்டாக (பட்டியலைப் பிரிக்கும் எண்ணாக) எடுத்தால், ஏற்கெனவே வரிசையாக இருக்கும் பட்டியலே அதற்கு மோசமான நிலை, ஓ(ந²).

8. லேப், ரெக்கார்டு, வைவா

லேப் ஒவ்வொரு வாரமும் இரண்டு கையெழுத்து: அப்சர்வேஷனில் ஒன்று, ரெக்கார்டில் ஒன்று. அடுத்த லேபுக்கு முன்னால் இரண்டையும் வாங்கிவிடுங்கள். செமஸ்டர் கடைசியில் ஒரே நாளில் பத்துப் புரோகிராமுக்குக் கையெழுத்துக் கேட்டு நிற்கும் கூட்டத்தில் நீங்கள் இருக்க வேண்டாம்.

ரெக்கார்டின் முதல் பக்கத்தில் இருக்கும் பொனஃபைட் சான்றிதழில் பதிவு எண், பாடக் குறியீடு, செமஸ்டர் எல்லாம் எழுதி, ஆசிரியர், துறைத் தலைவர் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். கையெழுத்து இல்லாத ரெக்கார்டோடு லேப் தேர்வுக்குள் விட மாட்டார்கள். துறைத் தலைவர் விடுப்பிலோ வேறு கல்லூரித் தேர்வுப் பணியிலோ போயிருந்தால் அன்றைக்கு யாரிடம் ஓடுவது? ஒரு வாரம் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) “இது என்ன காம்ப்ளெக்ஸிட்டி?” என்று கேட்டால் விடையோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். “ஓ(ந²) சார், வெளி லூப் ஒவ்வொரு தடவைக்கும் உள் லூப் ஒன்று குறைவாக ஓடுது, கூட்டினா ந(ந−1)/2” என்றால் அடுத்த கேள்வி பெரும்பாலும் வராது.

9. வீடியோ வகுப்பும் என்.பி.டி.இ.எல். சான்றிதழும்

யூடியூபில் தமிழில் விளக்கம் நிறைய இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது பார்க்க அது நல்லது. ஆனால் பார்த்தால் புரிந்த மாதிரியே இருக்கும், எழுத உட்கார்ந்தால் வராது. ஒரு வீடியோவுக்கு ஒரு பக்கமாவது டிரேஸ் போடுங்கள்.

முறையாகப் படிக்க மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.க்களும் ஐ.ஐ.எஸ்சி.யும் நடத்தும்) பாடங்கள் உண்டு. ஜூலையிலும் ஜனவரியிலும் தொடங்கும். சேர்வதும் வீடியோ பார்ப்பதும் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம், ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். பதிவுக்கு முன் அந்தப் பருவத்துக் கட்டணத்தைத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதிக் கட்டணச் சலுகை இருக்கிறது. பதிவு செய்யும்போதே சான்றிதழைப் பதிவேற்ற வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து, புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறவர்களுக்கு ஒரு மாதத் தொகை இதற்குச் சரியாக இருக்கும்.

மார்க் கணக்கு இப்படி: அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. எட்டு வாரப் பாடத்தில் சிறந்த ஆறு அசைன்மென்ட், பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு எடுத்துக்கொள்வார்கள். தேர்ச்சிக்கு அசைன்மென்ட்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும். அசைன்மென்ட் கெடு தாண்டினால் திரும்பத் திறக்காது. பதிவின்போது பெயரைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருப்பது போலவே, இனிஷியலோடு எழுதுங்கள். சான்றிதழில் அதுதான் அச்சாகும். தேர்வு நாளில் ஹால் டிக்கெட்டோடு புகைப்படம் உள்ள அசல் அடையாள அட்டை வேண்டும். போனில் இருக்கும் படத்தைக் காட்டிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள்.

கல்லூரித் தேர்வும் இதுவும் அடுத்தடுத்து வரும். முதல் செமஸ்டரிலேயே இரண்டு மூன்று பாடம் எடுக்காமல் ஒன்றோடு நிறுத்துங்கள்.

10. கடைசி மூன்று வாரமும் தேர்வும்

வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகிறதா என்று இப்போதே பாருங்கள். குறைந்தால் கண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னிக்கும்) கட்டணம், மருத்துவச் சான்றிதழ் என்று அலைய வேண்டி வரும், அந்த நேரம் படிப்பதற்கானது. தேர்வுக் கட்டணத்துக்கு அபராதமில்லாத கடைசித் தேதி நோட்டீஸ் போர்டில் வரும். கட்டிய ரசீதை ஹால் டிக்கெட் வரும் வரை பத்திரமாக வையுங்கள்.

கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. தேர்வுத் தாளில் 2 மார்க் பத்து, 5 மார்க் ஐந்து, 10 மார்க் மூன்று என்பது பரவலான அமைப்பு. பொறியியலில் 2 மார்க் பத்து, 13 மார்க் ஐந்து, 15 மார்க் ஒன்று. உங்கள் மாடல் தேர்வுத் தாளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய தாள்களில் ஒன்றை எடுத்து, மூன்று மணி நேரம் வைத்து, வீட்டிலேயே முழுதாக எழுதுங்கள். இதை இரண்டு முறையாவது செய்தால்தான் பெரிய கேள்விக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்குத் தெரியும்.

பெரிய கேள்விக்கு விடை இந்த வரிசையில் போகட்டும்: ஒரு வரி விளக்கம், படம், அல்காரிதம், சின்ன எண்களில் டிரேஸ், கடைசியில் காம்ப்ளெக்ஸிட்டியும் அதற்கான காரணமும். புரோகிராம் மறந்துவிட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றதை எழுதுங்கள். படமும் டிரேஸும் சரியாக இருந்தால் கணிசமான மார்க் வரும். பென்சில், ஸ்கேல், அழிப்பான் மூன்றும் எடுத்துப் போங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க முடியாது.

ரிசல்ட் வந்து மார்க் குறைவாகத் தெரிந்தால் விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணமும் தனித்தனிக் கெடுவும் உண்டு. ரிசல்ட் வந்த நாளிலிருந்து கெடு ஓட ஆரம்பித்துவிடும். முதலில் நகல் வாங்கி, பாட ஆசிரியரிடம் காட்டி, அவர் மார்க் கூட வாய்ப்பிருக்கிறது என்று சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள். அரியர் என்றே உறுதியானால் அடுத்த செமஸ்டர் தேர்வுக் கட்டணம் கட்டும்போது அரியர் பாடத்தின் குறியீட்டையும் படிவத்தில் சேர்த்திருக்கிறீர்களா என்று இரண்டு தடவை பாருங்கள். அது விடுபட்டால் ஹால் டிக்கெட்டில் அந்தப் பாடம் வராது.